பங்க் மூடியாச்சு சரி... டேங்க் என்ன ஆச்சு? பழைய பெட்ரோல் பங்க் இடத்தை வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி

"ஏம்மா, திருக்கோவிலூர் பக்கத்துல ரோட்டு மேலயே ஒரு இடம் அமைஞ்சிருக்கு. முன்னாடி பெட்ரோல் பங்க் இருந்த இடமாம். பங்க்கை மூடிப் பல வருஷம் ஆச்சு. விலையும் கொஞ்சம் கம்மியா சொல்றாங்க. நீதான் பத்திரிகையில இருக்கியே, வாங்கலாமா?"

போன மாதம் என் மாமா போனில் கேட்ட கேள்வி இது. அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கைக்கு வந்த பி.எஃப் பணத்தில் முன்பக்கம் இரண்டு கடை, பின்பக்கம் சின்னதாக ஒரு வீடு, ஒரு போர்வெல் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். பட்டா, மூலப்பத்திரம் எல்லாம் வக்கீல் பார்த்துவிட்டாராம்.

"எல்லாம் சரி மாமா, கீழ இருந்த டேங்க்கை எடுத்துட்டாங்களா?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "எந்த டேங்க்?" என்றார்.

மாமாவுக்குப் பதில் சொல்வதற்காகத் தேடிப் படித்த விஷயங்கள்தான் இந்தக் கட்டுரை. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த இடத்தில் கசிவு இருக்கிறது என்று யாரும் கண்டுபிடிக்கவில்லை. யார் மீதும் புகாரும் இல்லை. அதனால்தான் இடத்தின் அடையாளத்தைச் சொல்லவில்லை. ஆனால் இந்தியாவில் இன்று ஏறத்தாழ ஒரு லட்சம் பெட்ரோல் பங்க்குகள் இருக்கின்றன. பைபாஸ் வந்ததாலோ, குத்தகை முடிந்ததாலோ மூடப்பட்டவை தனி. மாமாவுக்கு வந்த கேள்வி நாளை உங்கள் வீட்டுக்கும் வரலாம்.

பங்க்கின் பாதி பூமிக்குள்ளே

பெட்ரோல் போடப் போகும்போது நம் கண்ணில் படுவது கூரை, பம்ப், காற்று பிடிக்கும் இடம், அவ்வளவுதான். பங்க்கின் உண்மையான சொத்து தரைக்குக் கீழே இருக்கிறது. ஆளுயரத்தைவிடப் பெரிய இரும்பு உருளைகளை மண்ணுக்குள் புதைத்திருப்பார்கள். ஒரு டேங்க்கில் 20,000 லிட்டர் பிடிப்பது சாதாரணம். பெட்ரோலுக்கு ஒன்று, டீசலுக்கு ஒன்று என்று இருக்கும். அவற்றிலிருந்து பம்ப் வரைக்கும் குழாய்கள் ஓடும்.

பழைய டேங்க்குகள் பெரும்பாலும் ஒற்றைச் சுவர் இரும்பு. ஈர மண்ணில் கிடக்கும் இரும்பு துருப்பிடிக்கும். வெல்டிங் வைத்த இடமும், குழாய் சேரும் இடமும் முதலில் விட்டுக்கொடுக்கும்.

கசிவு என்றால் குபுகுபுவெனக் கொட்டும் என்று நினைக்க வேண்டாம். நொடிக்கு ஒரு சொட்டு என்று வைத்துக்கொள்வோம். 20 சொட்டு ஒரு மில்லி என்றால், ஒரு நாளைக்கு 4 லிட்டருக்குச் சற்று மேல். ஆயிரக்கணக்கான லிட்டர் விற்கும் பங்க்கில் டிப் ராடு விட்டு அளக்கும்போது இந்த 4 லிட்டர் கண்ணில் படுவது கடினம். வெயிலில் ஆவியானது, வெப்பத்தில் அளவு மாறியது என்ற கணக்கில் போய்விடும். ஆனால் ஒரு வருடத்தில் அது 1,500 லிட்டரைத் தாண்டிவிடும்.

பங்க்கை மூடும்போது டேங்க்கில் மிச்சமிருப்பதை உறிஞ்சி எடுத்து, உள்ளே தங்கிய ஆவியை வெளியேற்றி, டேங்க்கைத் தோண்டி எடுத்து, அடியில் உள்ள மண்ணையும் பரிசோதிப்பதுதான் முறை. அப்படிச் செய்யாமல் மேலே மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போனால், அடியில் உள்ளது அடியிலேயே இருக்கும்.

ரசப் பாத்திரத்தில் படியும் எண்ணெய் வளையம்

கசிந்த பெட்ரோல் முதலில் நேராகக் கீழே இறங்கும். வழியில் மண் துகள்களுக்கு நடுவே கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். மிச்சம் நிலத்தடி நீரைத் தொட்டதும் நின்றுவிடும். பெட்ரோல் தண்ணீரைவிட லேசானது, ஒரு லிட்டர் சுமார் முக்கால் கிலோதான் எடை. அதனால் தண்ணீருக்குள் மூழ்காமல் மேலே மிதக்கும்.

மிதப்பதை வழித்து எடுத்துவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் நம் ஊர் கிணறுகளை நினைத்துப் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு நீர்மட்டம் மேலே வரும். சித்திரை வெயிலில் அடிமட்டத்துக்குப் போகும். நீர்மட்டம் ஏறி இறங்கும்போதெல்லாம் மேலே மிதக்கும் பெட்ரோலும் கூடவே ஏறி இறங்கி, வழியெல்லாம் மண்ணில் பூசிக்கொண்டே போகும். ரசம் குறையக் குறையப் பாத்திரத்தின் உள்பக்கம் எண்ணெய் வளையம் படியுமே, அதே கதைதான். அந்தப் பாத்திரத்தை நாம் சோப்பு போட்டுத் தேய்க்கலாம். பல அடி ஆழ மண்ணைத் தேய்க்க முடியாது.

திருக்கோவிலூர் தென்பெண்ணையின் கரையில் இருக்கிற ஊர். ஆற்றோரத்தில் மணலும் வண்டலும் இருக்கும். கொஞ்சம் தள்ளிப் போனால் பாறை. ஆற்றுக்குள் நிற்கும் கபிலர் குன்றைப் பார்த்தவர்களுக்கு இந்த மண்ணின் அடியில் என்ன இருக்கிறது என்று சொல்லத் தேவையில்லை. மணலில் பெட்ரோல் பரவலாக நகரும், ஓரளவு கணிக்கலாம். பாறையில் அப்படியில்லை. வெடிப்பு எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் போகும். பக்கத்து வீட்டு போர்வெல் தப்பித்து, நான்கு வீடு தள்ளியிருப்பவர் போர்வெல் மாட்டிக்கொள்ளலாம்.

வெள்ளம் இன்னொரு சிக்கல். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு ஒன்றரை லட்சம் கனஅடிக்கு மேல் தண்ணீர் திறக்கப்பட்டு, தென்பெண்ணைக் கரை ஊர்கள் பட்ட பாடு நமக்கு மறக்காது. அப்படி நிலம் நீரில் ஊறும்போது, காலியாகப் புதைந்திருக்கும் 20,000 லிட்டர் டேங்க்கைத் தண்ணீர் சுமார் 20 டன் விசையுடன் மேல்நோக்கித் தள்ளும். சரியாகக் கட்டி வைக்காத டேங்க் அசையும், குழாய் இணைப்பு முறியும்.

ஒரு லிட்டர் பெட்ரோல், 70 லாரி தண்ணீர்

மிதக்கும் பெட்ரோலைவிடப் பெரிய பிரச்னை, அதிலிருந்து தண்ணீரில் கரைவது. முக்கியமாக பென்சீன். ரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உறுதி செய்யப்பட்டது இது. உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இதை முதல் பிரிவில், அதாவது மனிதர்களுக்குப் புற்றுநோய் வரவைப்பது நிச்சயம் என்ற பிரிவில் வைத்திருக்கிறது.

இன்றைய பி.எஸ் 6 பெட்ரோலில் பென்சீன் அதிகபட்சம் 1 சதவிகிதம் இருக்கலாம். குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் பென்சீன் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டர் பெட்ரோலில் 10 மில்லி பென்சீன் இருந்தால் அதன் எடை 9 கிராமுக்குச் சற்றுக் குறைவு. அது முழுவதும் தண்ணீரில் கரைந்துவிட்டால், 8.8 லட்சம் லிட்டர் தண்ணீரை அந்த எல்லை அளவுக்குக் கொண்டுபோய்விடும். 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரி என்றால் 70 லாரிக்கு மேல். நிஜத்தில் பாதி ஆவியாகும், பாதி மண்ணில் ஒட்டும், எல்லாம் கரையாது. ஆனாலும் ஒரு லிட்டருக்கே இந்தக் கணக்கு என்றால் 1,500 லிட்டருக்கு என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

"வாசனை வந்தா தெரிஞ்சிடுமே" என்றார் மாமா. பெட்ரோலே கிணற்றில் மிதந்தால் தெரியும்தான். ஆனால் தண்ணீரில் கரைந்த பென்சீனை மட்டும் மூக்கு கண்டுபிடிக்க வேண்டுமென்றால், அது பாதுகாப்பான அளவைப் போலப் பல நூறு மடங்கு இருக்க வேண்டும். வாசனை இல்லை என்பதால் தண்ணீர் நல்லது என்று முடிவு கட்ட முடியாது.

ரொம்பப் பழைய பங்க் என்றால் இன்னொரு விஷயமும் உண்டு. நாடு முழுக்க ஈயம் கலக்காத பெட்ரோல் மட்டுமே விற்க வேண்டும் என்ற நிலை 2000 பிப்ரவரியில்தான் வந்தது. அதற்கு முன்பு ஓடிய பங்க்கின் மண்ணில் ஈயத்தையும் சேர்த்துப் பரிசோதிக்க வேண்டும்.

தண்டையார்பேட்டையும் சுன்னாகமும்

இதெல்லாம் வெளிநாட்டுக் கதை என்று நினைத்தால், சென்னை தண்டையார்பேட்டைக்கு வாருங்கள். 2013-ல் அங்கே குடியிருப்புப் பகுதியின் கிணறுகளிலும் போர்வெல்களிலும் பெட்ரோல் வாசனையும் எண்ணெய்ப் படலமும் வர ஆரம்பித்தன. காரணம் பங்க் இல்லை. துறைமுகத்திலிருந்து பாரத் பெட்ரோலியம் நிறுவனத்தின் சேமிப்பு நிலையத்துக்குப் பூமிக்கு அடியில் போகும் குழாயில் ஏற்பட்ட கசிவு. குடியிருப்பவர்களுக்கு லாரியில் தண்ணீர் கொடுக்க வேண்டியதானது. வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குப் போனது. சென்னை ஐ.ஐ.டி ஆய்வாளர்கள் அந்த மண்ணையும் நீரையும் ஆராய்ந்தார்கள். குழாயை அடைப்பது சில நாள் வேலை. மண்ணுக்குள் போய்விட்டதை எடுப்பது வருடக்கணக்கில் இழுத்தது.

அடுத்தது யாழ்ப்பாணம், சுன்னாகம். குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றியது சீக்கிரம் கீழே போய்விடும். குடிக்கவும், தோட்டத்துக்கும் மக்கள் நம்பியிருப்பது கிணறுகளைத்தான். அங்குள்ள அனல் மின் நிலையப் பகுதியிலிருந்து எண்ணெய்க் கழிவு நிலத்துக்குள் போய், சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. இலங்கையின் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 2013, 2014-ல் சோதித்த 150 கிணறுகளில் 109-ல் எண்ணெய், கிரீஸ் அளவு கூடுதலாக இருந்தது.

மக்கள் போராடினார்கள், நீதிமன்றம் போனார்கள். 2019 ஏப்ரல் 4 அன்று இலங்கை உச்ச நீதிமன்றம், அங்கு மின் உற்பத்தி செய்த நொதர்ன் பவர் நிறுவனம் 2 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஒரு கிணற்றுக்கு அதிகபட்சம் 40,000 இலங்கை ரூபாய். ஒரு குடும்பத்தின் குடிநீருக்குச் சட்டம் வாங்கித் தந்த தொகை அவ்வளவுதான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சுத்தம் செய்ய முடியுமா?

முடியும். ஆனால் ஒரே நாளில் ஒரே இயந்திரத்தால் முடியாது. படிப்படியான வேலை அது.

முதல் வேலை, கசிவை நிறுத்துவது. டேங்க்கைக் காலி செய்து, தோண்டி வெளியே எடுக்க வேண்டும். அதன் அடியிலும் சுற்றிலும் கறுத்துப்போய் வாசனை அடிக்கும் மண்ணையும் சேர்த்து அள்ள வேண்டும். அந்த மண்ணைப் பக்கத்து ஏரிக்கரையில் கொட்டக் கூடாது. அது அபாயகரமான கழிவு, அதற்கென்று உள்ள இடத்துக்குத்தான் போக வேண்டும்.

இரண்டாவது, எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று பார்ப்பது. இடத்தைச் சுற்றிச் சின்னச் சின்னக் கண்காணிப்புக் குழாய்க் கிணறுகள் போட்டு, மண்ணையும் நீரையும் எடுத்துப் பரிசோதிப்பார்கள். நிலத்தடி நீர் எந்தத் திசையில் நகர்கிறது என்பதும் இதில் தெரியும்.

மூன்றாவது, தண்ணீர் மேல் மிதக்கும் பெட்ரோலை வழித்து எடுப்பது. அதற்கென்று உள்ள பம்ப்பைக் கிணற்றில் இறக்கி, மேல் படலத்தை மட்டும் உறிஞ்சுவார்கள்.

நான்காவது, மண்ணில் ஒட்டியிருப்பதை ஆவியாக்கி எடுப்பது. பெட்ரோல் சுலபமாக ஆவியாகும். மண்ணுக்குள் குழாய் இறக்கி, பெரிய வாக்யூம் கிளீனர் போலக் காற்றை உறிஞ்சினால் பெட்ரோல் ஆவியும் சேர்ந்து வரும். அதைக் கரி வடிகட்டியில் பிடித்துக்கொள்வார்கள். நிலத்தடி நீருக்குள் காற்றைக் குமிழ் குமிழாக ஊதி, கரைந்திருப்பதை மேலே கொண்டுவரும் முறையும் உண்டு. மீன் தொட்டியில் காற்று விடுவது போலத்தான்.

ஐந்தாவது, தண்ணீரையே மேலே இறைத்து, கரி வடிகட்டி வழியாக அனுப்பிச் சுத்தம் செய்வது. இதற்குப் பல வருடங்கள் பிடிக்கும்.

ஆறாவதாக, நமக்காக வேலை செய்ய மண்ணுக்குள்ளேயே ஆட்கள் இருக்கிறார்கள். பெட்ரோலையும் எண்ணெயையும் சாப்பிட்டு வாழும் பாக்டீரியாக்கள். அவற்றுக்குத் தேவையான காற்றும் சத்தும் கொடுத்தால் வேகமாகத் தின்னும். டெல்லியைச் சேர்ந்த டெரி நிறுவனம் இப்படிப்பட்ட பாக்டீரியாக்களைச் சேர்த்து 'ஆயில்ஜாப்பர்' என்ற பெயரில் உருவாக்கியது. எண்ணெய்க் கிணறுகள், சுத்திகரிப்பு ஆலைகள் பக்கத்தில் எண்ணெய் ஊறிய மண்ணைச் சரிசெய்ய அது பயன்பட்டு வருகிறது.

இப்போது நாம் போடும் பெட்ரோலில் 20 சதவிகிதம் எத்தனால். எத்தனால் என்றால் பாக்டீரியாக்களுக்கு அல்வா மாதிரி. கசிந்த இடத்தில் அதை முதலில் சாப்பிடப் போய், இருக்கும் ஆக்ஸிஜனையும் தீர்த்துவிடும். அதுவரைக்கும் பென்சீன் தொந்தரவில்லாமல் இன்னும் கொஞ்ச தூரம் நகர்ந்திருக்கும். இதையும் இனி கணக்கில் எடுக்க வேண்டியிருக்கிறது.

எத்தனை வருஷம் ஆகும்?

அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிகா நகரம் 1996-ல் தன் குடிநீர்க் கிணறுகள் பலவற்றை மூட வேண்டி வந்தது. பெட்ரோல் பங்க்குகளின் நிலத்தடி டேங்க்குகளிலிருந்தும் குழாய்களிலிருந்தும் கசிந்த எரிபொருள் காரணம். பெட்ரோலில் அப்போது சேர்த்துவந்த எம்.டி.பி.இ என்ற வேதிப்பொருள் தண்ணீரில் வேகமாகக் கரைந்து கிணறுகளுக்கு வந்துவிட்டது. எண்ணெய் நிறுவனங்களிடம் பணம் வாங்கி, சுத்திகரிப்பு நிலையம் கட்டி, முக்கியமான கிணறுகள் திரும்ப வேலைக்கு வருவதற்குச் சுமார் 15 வருடங்கள் ஆயின. பணக்கார நகரத்துக்கே அவ்வளவு காலம்.

மினசோட்டா மாகாணத்தின் பெமிட்ஜி ஊருக்குப் பக்கத்தில் 1979 ஆகஸ்ட்டில் ஒரு கச்சா எண்ணெய்க் குழாய் வெடித்தது. சுமார் 17 லட்சம் லிட்டர் கொட்டியது. முடிந்தவரை அள்ளிய பிறகும் ஏறத்தாழ 4 லட்சம் லிட்டர் மண்ணுக்குள் தங்கிவிட்டது. இயற்கை இதைத் தானாக எப்படிச் சரிசெய்கிறது என்று அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் அங்கே பல பத்தாண்டுகளாக அளந்து வருகிறது. பாக்டீரியா வேலை செய்கிறது, ஆனால் மெதுவாக. 40 வருடம் கழித்தும் எண்ணெய் அங்கேயே இருக்கிறது.

அமெரிக்கா 1984-ல் நிலத்தடி டேங்க்குகளுக்கென்று சட்டத் திருத்தம் கொண்டுவந்து, ஊர் ஊராகக் கணக்கெடுக்க ஆரம்பித்தது. இதுவரை உறுதியான கசிவுகள் 5.5 லட்சத்துக்கும் மேல். பெரும்பாலானவற்றைச் சுத்தம் செய்துவிட்டார்கள். ஆனாலும் 50,000 இடங்களுக்கு மேல் இன்னும் வேலை பாக்கி. தேடியதால்தான் அவர்களுக்கு இந்த எண்ணிக்கை கிடைத்தது.

நம் ஊரில் யார் பொறுப்பு?

மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்பது நம் நாட்டின் சட்டம். அந்தக் கொள்கையை உச்ச நீதிமன்றம் அழுத்தமாகச் சொன்ன 1996 வழக்கே தமிழ்நாட்டு வழக்குதான். பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகளுக்கு எதிராக வேலூர் மக்கள் நல மன்றம் போட்டது.

பங்க் வைக்க மாவட்ட நிர்வாகத்தின் தடையில்லாச் சான்றும், 'பெசோ' எனப்படும் பெட்ரோலிய, வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் உரிமமும் வேண்டும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, புதிய பங்க்குகள் பள்ளி, மருத்துவமனை, குடியிருப்புப் பகுதியிலிருந்து 50 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். இட நெருக்கடி இருந்தால் கூடுதல் பாதுகாப்புடன் குறைந்தது 30 மீட்டர். ஆனால் இது புதிய பங்க்குகளுக்கு. 30, 40 வருடம் முன்பு வந்த பங்க்குகளுக்கு இந்த இடைவெளி கிடையாது.

2025 ஜூலையில் மத்திய அரசு மாசடைந்த தளங்கள் மேலாண்மை விதிகளைக் கொண்டுவந்தது. மாவட்ட நிர்வாகம் சந்தேகத்துக்குரிய இடங்களைக் கண்டறிந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை தெரிவிக்க வேண்டும். மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 90 நாள்களில் முதற்கட்ட ஆய்வு செய்ய வேண்டும். மாசு உறுதியானால் காரணமானவரைக் கண்டுபிடித்துச் செலவை வசூலிக்க வேண்டும். அந்தச் சமயத்தில் நாடு முழுக்க அடையாளம் காணப்பட்டிருந்த மாசடைந்த இடங்கள் 103. அவற்றில் சீரமைப்பு தொடங்கியிருந்தது 7-ல் மட்டுமே. ஊரில் ஒருவர் மனு கொடுக்காமல் மூடிப்போன பங்க் எதுவும் அந்தப் பட்டியலுக்குத் தானாக நடந்து போகாது.

வாங்கும் முன் இவற்றைக் கேளுங்கள்

* வில்லங்கச் சான்றிதழை 13 வருடத்துக்கு மட்டும் போடாமல், 30, 40 வருடத்துக்குப் போடுங்கள். எண்ணெய் நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விட்டுப் பதிவு செய்திருந்தால் அதில் தெரியும். யார் பங்க் நடத்தினார்கள், எப்போது முடிந்தது என்பதற்கு அதுவே ஆதாரம்.

* கூகுள் எர்த்தில் பழைய வருடத்து செயற்கைக்கோள் படங்களைப் பார்க்கலாம். கூரையும் பம்ப்பும் இருந்த இடம் தெரிந்தால் டேங்க் எந்தப் பக்கம் இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

* டேங்க் எடுத்ததற்கு எழுத்தில் ஆதாரம் கேளுங்கள். "எடுத்தாச்சுங்க" என்ற வாய்வார்த்தை போதாது. உரிமத்தை ஒப்படைத்த கடிதம், மண் பரிசோதனை அறிக்கை இருந்தால் நல்லது.

* பத்திரம் போடுவதற்கு முன் மண்ணும் நீரும் பரிசோதியுங்கள். சாதாரணக் குடிநீர்ப் பரிசோதனையில் உப்பு, கடினத்தன்மை, ஃபுளோரைடு போன்றவைதான் வரும், பென்சீன் வராது. அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் "பென்சீன், டொலுவீன், எதில் பென்சீன், சைலீன், மொத்த பெட்ரோலிய ஹைட்ரோகார்பன்" என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். குளிர்பான பாட்டிலில் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். ஆய்வகம் தரும் கண்ணாடிக் குப்பியில், காற்றுக் குமிழ் இல்லாமல் விளிம்பு வரை நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுபோக வேண்டும்.

கிணற்றில் வாசனை வந்தால்

* அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம். கொதிக்க வைத்தால் போய்விடும் என்பதும் தவறு. பென்சீன் 80 டிகிரியில் கொதித்து அடுப்பங்கரைக் காற்றில் கலக்கும், சமைப்பவர்தான் சுவாசிப்பார். வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்தையும் இதற்கு நம்ப வேண்டாம்.

* கிணற்றுக்குள் விளக்கு, தீக்குச்சி எதையும் காட்டாதீர்கள். மோட்டார் சுவிட்சையும் போடாதீர்கள். பெட்ரோல் ஆவி பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி குளிரிலும் தீப்பிடிக்கும். காற்றைவிடக் கனமானதால் கிணற்றுக்குள்ளேயே தேங்கி நிற்கும். தூர் வார ஆளை இறக்கவே கூடாது.

* தேதி போட்டு எழுதி வையுங்கள், படம் எடுங்கள். தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கும், திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடமும் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கசிவு உங்கள் காம்பவுண்டோடு நிற்காது.

மாமா என்ன செய்தார்?

இதையெல்லாம் சொன்னதும் மாமாவுக்கு முதலில் எரிச்சல்தான். "ஒரு இடம் வாங்க இவ்ளோ பாடா? நான் கேட்டது வாங்கலாமா வேணாமான்னு ஒரு வார்த்தை" என்றார். ஆனால் மறுவாரம் இடத்துக்காரரிடம் போய்க் கேட்டிருக்கிறார்.

"டேங்க்கா? அது அப்படியேதான் சார் இருக்கு. மேல மண்ணடிச்சு லெவல் பண்ணியாச்சு. உங்களுக்கு ஒண்ணும் தொந்தரவு இருக்காது" என்று பதில் வந்திருக்கிறது.

மாமா இன்னும் அட்வான்ஸ் கொடுக்கவில்லை. டேங்க்கை எடுத்து, அடி மண்ணையும் பக்கத்துக் கிணற்று நீரையும் பரிசோதித்து அறிக்கை காட்டினால் மேற்கொண்டு பேசலாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். இடத்துக்காரர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். இன்னொரு பார்ட்டி வந்துவிட்டால் இடம் கை மாறிவிடும் என்ற கவலை மாமாவுக்கு இருக்கிறது.

நேற்று திரும்பவும் போன் செய்தார். "அந்த இடத்துக்குப் பின்னாடி நாலஞ்சு வீடு இருக்கும்மா. எல்லாம் போர் தண்ணிதான் குடிக்குறாங்க. நான் வாங்கலன்னா எனக்குப் போச்சு. அவங்களுக்கு யாரு சொல்றது?" என்று கேட்டார்.

அந்த வீடுகளில் ஒரு போர்வெல் தண்ணீரையாவது முதலில் பரிசோதிக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். ஆய்வகச் செலவை மாமா ஏற்றுக்கொள்கிறார். ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவது என் பொறுப்பு.